மூன்று டிகிரி கூட்டியபோது: ஓர் உள்ளரங்க நீச்சல் குளத்தின் நிகழ்வு ஆய்வு

இதில் வருபவர்களின் பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன. அளவுகள் குளத்தின் பதிவேட்டிலும் என் குறிப்பேட்டிலும் இருந்தவை. தவறுகளில் ஒன்று என்னுடையது. அது உரிய இடத்தில் வரும்.

பின்னணி

ஒரு குடியிருப்பு வளாகத்தின் உள்ளரங்கக் குளம் இது. நீளம் 25 மீட்டர், அகலம் 10 மீட்டர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். ஆக 375 கன மீட்டர் தண்ணீர். இந்த ஒரே தொட்டியைப் பலர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் போட்டிகளுக்குத் தயாராகும் பிள்ளைகள் இறங்குவார்கள். ஒன்பது மணிக்கு மூட்டுவலி உள்ளவர்களும் முதியவர்களும் இடுப்பளவு நீரில் நின்று உடற்பயிற்சி செய்வார்கள். வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் கைக்குழந்தைகளோடு வரும் பெற்றோருக்கு. மாலையில் எல்லோரும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 பேர்.

குளத்து நீரை ஒரு பராமரிப்பாளர் கவனித்துக்கொண்டார். அரங்கின் காற்றைப் பதப்படுத்தும் இயந்திரம் வளாகத்தின் பொதுப் பராமரிப்புக் குழுவின் பொறுப்பில் இருந்தது. இரண்டுக்கும் தனித்தனி அறை, தனித்தனி பதிவேடு, தனித்தனி மேலாளர். நீரைப் பார்ப்பவர் காற்றின் பக்கம் போவதில்லை. காற்றைப் பார்ப்பவர்கள் நீரைத் தொடுவதில்லை. இந்தப் பாகப்பிரிவினை எத்தனை பெரிய வினை என்பது பின்னால்தான் விளங்கியது.

குளம் கட்டப்பட்டபோது வகுத்த அளவுகள் நியாயமானவை. நீர் 28 டிகிரி செல்சியஸ், காற்று 29, ஈரப்பதம் 60 சதவீதம். இயந்திரம் மணிக்கு 10,000 கன மீட்டர் காற்றை அரங்குக்குள் செலுத்தும். அதில் 40 சதவீதம் வெளியிலிருந்து வரும் புதிய காற்று. மீதி, அரங்கிலிருந்தே இழுத்துச் சூடாக்கித் திருப்பி அனுப்பப்படுவது. காற்று நீரைவிட ஒரு டிகிரி கூடுதலாக இருப்பது உள்ளரங்கக் குளங்களில் எங்கும் உள்ள வழக்கம்தான். அதன் காரணத்தைப் பலர் அறிவதில்லை, இங்கேயும் அறிந்திருக்கவில்லை.

ஒருநாள் முதியோர் குழு நிர்வாகக் குழுவுக்கு மனுக் கொடுத்தது. தண்ணீர் குளிர்கிறது, மூட்டு விறைக்கிறது என்றார்கள். மனுவில் 22 கையெழுத்துகள் இருந்தன. குழு கேட்டுக்கொண்டு, இரண்டு தவணைகளில் நீரை 31 டிகிரிக்கு உயர்த்தியது. எரிபொருள் செலவு ஏறியது. அதை ஈடுகட்ட அடுத்த சில வாரங்களில் நான்கு சிக்கன நடவடிக்கைகள் வந்தன. காற்றின் வெப்பநிலை 27 டிகிரியாகக் குறைக்கப்பட்டது. இரவில் வெளிக்காற்று ஏறக்குறைய நிறுத்தப்பட்டது. வடிகட்டியில் நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவி, அந்த நீரைக் கழிவாக வெளியேற்றும் வேலைக்கு ஃபில்டர் பேக்வாஷ் என்று பெயர். வாரம் ஒருமுறை நடந்த அது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆனது. குளத்தில் இறங்கும் முன் குளிக்கும் ஷவர்களுக்கு வெந்நீர் நிறுத்தப்பட்டது. தனித்தனியாகப் பார்த்தால் நான்குமே குற்றம் சொல்ல முடியாத முடிவுகள். நான்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தவர் யாரும் இல்லை.

முதல் ஆறு வாரங்கள்

முதலில் கண்ணாடிகள் வியர்த்தன. கிழக்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. காலையில் அதில் நீர் கோடு கோடாக வழிந்து தரையில் தேங்கியது. துப்புரவுப் பணியாளர் இரண்டு துடைப்பான்களுக்குப் பதில் ஐந்து கேட்டார். அவர் கேட்டதுதான் முதல் எச்சரிக்கை. அதைச் செலவுக் கணக்காக மட்டுமே பார்த்தார்கள்.

மூன்றாவது வாரத்தில் வாடை. கதவைத் திறந்ததுமே மூக்கில் ஏறும், கண்ணைக் கரிக்கும், நீச்சல் குளம் என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வரும் அந்த நெடி. நான்காவது வாரத்தில் போட்டிப் பிள்ளைகள் பயிற்சி முடியும் தறுவாயில் இருமத் தொடங்கினார்கள். ஒரு பையனுக்கு மூச்சு வாங்கியது. லேசான ஆஸ்துமா ஏற்கெனவே இருந்த பையன். மருத்துவர் இன்ஹேலரை நீச்சலுக்கு முன் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதே வாரத்தில், நீரில் இறங்காமல் கரையிலேயே நிற்கும் பயிற்சியாளருக்கும் தொண்டை கட்டியது.

பெற்றோர் புகார் எழுதினார்கள்: "தண்ணீரில் குளோரின் அதிகமாக இருக்கிறது." பராமரிப்பாளர் நல்ல மனிதர், சொன்னதைக் கேட்பவர். குளோரின் விடும் அளவைக் குறைத்தார். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் இருந்தது 0.6 ஆனது. வாடை கூடியது. மறுபடியும் புகார். மறுபடியும் குறைத்திருப்பார், அதற்குள் நிர்வாகக் குழுவின் செயலாளர் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீச்சல் குளத்து நெடி பெரும்பாலும் குளோரின் நெடி அன்று. வியர்வையிலும் சிறுநீரிலும் யூரியாவும் அம்மோனியாவும் உண்டு. நீரில் இருக்கும் குளோரின் இவற்றோடு வினைபுரிந்து குளோரமின்களாகிறது. மோனோ, டை, டிரை என்று மூன்று வகை. மூன்றாவதான டிரைகுளோரமின் நீரில் தங்க விரும்பாது. சுலபமாகக் காற்றுக்குத் தாவிவிடும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால், காற்றோட்டம் மந்தமான அரங்கில் நீர்ப்பரப்பை ஒட்டியே படிந்து கிடக்கும். நீந்துபவரின் வாயும் மூக்கும் இருக்கும் உயரம் அதுதான். ஆகவே நெடி அடித்தால் குளோரின் மிஞ்சிவிட்டது என்று பொருள் இல்லை. குளோரினுக்கு வேலை மிஞ்சிவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் குளோரினைக் குறைப்பது, பசியால் அழும் குழந்தைக்குச் சோற்றைக் குறைப்பது போல.

ஏழாவது வாரம்: நீரை அளந்தோம்

என் தொழில் காற்றோட்டம். ஆனாலும் அன்று நீரில்தான் தொடங்கினேன். புகார் நீரைப் பற்றி என்பதால் நானும் அதன் பின்னாலேயே போனேன்.

பராமரிப்பாளர் சோதனைப் பெட்டியை எடுத்து வந்தார். டி.பி.டி. முறை: பத்து மில்லி லிட்டர் நீரில் முதல் மாத்திரையைப் போட்டால் இளஞ்சிவப்பாகும். அந்த நிறத்தின் ஆழம், இன்னும் எதனோடும் சேராமல் வேலைக்குத் தயாராக நிற்கும் குளோரினைச் சொல்லும். அதைக் கட்டுறாக் குளோரின் என்கிறேன். அதே குழாயில் மூன்றாம் எண் மாத்திரையையும் போட்டால் மொத்தக் குளோரின் தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கட்டுண்ட குளோரின், அதாவது குளோரமின்கள்.

முதல் மாத்திரைக்கு, ரோஜா இதழின் உள்பக்கம் போல வெளிறிய ஒரு நிறம் வந்தது. 0.6. "இவ்வளவுதான் சார், தினமும் இதைத்தான் எழுதுகிறேன்" என்றார். மூன்றாம் மாத்திரை எங்கே என்று கேட்டேன். பெட்டியின் அடியில் இருந்தது. வெள்ளித்தாள் உறை ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. யாரும் அவருக்கு அதைச் சொல்லித் தரவில்லை. போட்டுக் குலுக்கி இரண்டு நிமிடம் வைத்தோம். வெளிறிய ரோஜா, எங்கள் கண்ணெதிரே பீட்ரூட் சாறாக மாறியது. மொத்தம் 1.9. அப்படியானால் கட்டுண்டது 1.3. அவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மாதிரி விதிகள் கட்டுறாக் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 1 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கின்றன, கட்டுண்டது 0.4-ஐத் தாண்டினால் நடவடிக்கை எடுக்கச் சொல்கின்றன. ஜெர்மானியத் தரம் இன்னும் கறார். அதன் எல்லை 0.2. எங்களிடம் வேண்டியது பாதி, வேண்டாதது மூன்று மடங்கு. நீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். 7.4, அதில் குறையில்லை.

காற்றில் உள்ள டிரைகுளோரமினை நேரடியாக அளக்கவில்லை. அதற்குப் பம்ப் வைத்துக் காற்றை வடிதாளில் இழுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டி காற்றில் கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்ற தற்காலிக எல்லையைச் சொல்கிறது. பிரான்சில் பரிந்துரைக்கப்படுவது 0.3. எங்கள் அரங்கு எந்தப் பக்கம் இருந்தது என்று எண்ணால் நிரூபிக்க முடியாது. மூக்கும் இருமலும் சொன்னவை போதும் என்று முடிவு செய்தோம்.

எடுத்த முதல் முடிவு மூன்று பகுதிகள் கொண்டது. கட்டுறாக் குளோரினை உடனே 1.5-க்குக் கொண்டுவருவது. ஐந்து இரவுகளில் சுமார் 110 கன மீட்டர் பழைய நீரை வெளியேற்றிப் புதிய நீர் சேர்ப்பது. அதற்குப் பின் எஞ்சும் குளோரமின்களை எரித்துத் தீர்க்க, வார இறுதியில் ஓர் அதிகுளோரினேற்றம் செய்வது. கட்டுண்ட குளோரினைப் போலப் பத்து மடங்கு குளோரின் கொடுத்தால் அது உடைந்து நைட்ரஜனாகிப் போய்விடும் என்பது பாடப்புத்தகக் கணக்கு.

பேக்வாஷ் குறைப்பு எவ்வளவு பாதித்தது என்பதற்கு ஒரு விளக்கம். பராமரிப்பாளர் "தினமும் புதுத் தண்ணீர் விடுகிறோமே" என்றார். விட்டது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் ஆவியாகிப் போன நீருக்கு ஈடு. ஆவியாகும்போது நீர் மட்டும்தான் போகிறது. யூரியாவும் உப்பும் குளத்திலேயே நின்றுவிடுகின்றன. ரசம் சுண்டச் சுண்டத் தண்ணீர் ஊற்றினால் அளவு நிரம்பும், உப்புக் குறையாது. கழிவாக வெளியே போகும் நீருக்கு ஈடாக வருவதுதான் உண்மையான புதுநீர். பிரிட்டனில் இதற்கு ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: குளிப்பவர் ஒருவருக்கு 30 லிட்டர். 150 பேருக்கு நாளொன்றுக்கு 4,500 லிட்டர். இங்கே அதில் பாதிகூட வெளியேறவில்லை.

எட்டாவது வாரம்: என் தவறு

புதுநீர் சேர்த்த பிறகு கட்டுண்ட குளோரின் 0.9-க்கு இறங்கியது. சனிக்கிழமை இரவு குளத்தைப் பூட்டி, ஏறத்தாழ மூன்றரை கிலோ குளோரினுக்குச் சமமான கரைசலைச் சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யாரும் இறங்கவில்லை. மாலையில் மிஞ்சிய குளோரினைச் சோடியம் தயோசல்ஃபேட் போட்டு இறக்கி, திங்கள் காலைக்கு 2.5-இல் நிறுத்தினோம்.

அதிகுளோரினேற்றம் செய்யும்போது டிரைகுளோரமின் பெருமளவில் கிளம்பும். ஆகவே அந்த இரவுகளில் வெளிக்காற்றைக் குறைக்கக் கூடாது, பகல் அளவிலேயே வைத்திருக்க வேண்டும் என்று பராமரிப்புக் குழுவிடம் சொன்னேன். வைத்தார்கள். கட்டுப்பாட்டுப் பலகையில் "வெளிக்காற்று 40 சதவீதம்" என்று பச்சை எழுத்தில் எரிந்தது. நான் பார்த்தேன், தலையாட்டினேன், வீட்டுக்குப் போனேன்.

திங்கள் காலை ஐந்து ஐம்பதுக்குத் தொலைபேசி. பிள்ளைகள் இறங்கிப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று பேர் இருமிக்கொண்டு கரையேறிவிட்டார்கள். பயிற்சியாளர் எல்லோரையும் வெளியே அழைத்து வந்து, கதவுகளைத் திறந்து வைத்துவிட்டார். அவர் செய்தது சரி. அதிலும் முக்கியமான ஒன்று: அமிலமும், குளத்துக்குக் குளோரின் தரும் ஹைப்போகுளோரைட்டும் கலந்து குளோரின் வாயுவே கசிந்திருக்குமோ என்று பராமரிப்பாளர் முதலில் ரசாயன அறையைச் சோதித்திருந்தார். அப்படியொரு கசிவு என்றால் கதை வேறு; அரங்கையே காலிசெய்ய வேண்டும். அங்கே எதுவும் இல்லை.

நீரை அளந்தோம். கட்டுண்டது 0.8. அத்தனை குளோரின் போட்டும் 0.1 மட்டுமே இறங்கியிருந்தது. யூரியா மெதுவாக வினைபுரியும் பொருள். பத்து மடங்குக் கணக்கு அம்மோனியாவுக்குப் பொருந்துவது போல அதற்குப் பொருந்தாது. படித்ததுதான். ஆனால் காற்று ஏன் இப்படி இருக்கிறது? 40 சதவீத வெளிக்காற்று இரண்டு இரவும் ஒரு பகலும் ஓடியிருந்தால் அரங்கு கழுவி விட்டது போல் இருக்க வேண்டும்.

மாடிக்குப் போனேன். வெளிக்காற்றை இழுக்கும் வலைக்கு முன் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தேன். காற்று உள்ளே போனால் காகிதம் வலையில் ஒட்டிக்கொள்ளும். அது என் விரலிலிருந்து சும்மா தொங்கியது. காற்று வரும் குழாயான டக்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன். காற்றின் வழியைத் திறந்து மூடும் டேம்பர் இதழ்கள் மூடியே கிடந்தன. விளிம்புகளில் தூசி மெழுகுபோல் ஒட்டியிருந்தது, பல வாரத் தூசி. கீழே கூப்பிட்டு, திறப்பை 10-க்கு இறக்கி மறுபடி 40-க்கு ஏற்றச் சொன்னேன். மோட்டார் முனகியது, அதன் கைப்பிடி சுழன்றது. இதழ்களின் தண்டு அசையவே இல்லை. கைப்பிடியைத் தண்டோடு இறுக்கும் போல்ட் தளர்ந்து, தண்டின்மேல் வழுக்கிக்கொண்டிருந்தது. தினம் இரண்டு முறை மூடித் திறக்கும் இரவுச் சிக்கன ஏற்பாடு வந்த பிறகு தளர்ந்திருக்க வேண்டும். பலகை காட்டியது மோட்டார் எங்கே இருக்கிறது என்பதை. இதழ் எங்கே இருக்கிறது என்பதை அது அறியாது.

காற்றோட்டம் என் பிழைப்பு. அன்று நான் போய் நீரில் மூழ்கியிருந்தேன். முதல் நாளே அந்தக் காகிதத்தைப் பிடித்திருந்தால் ஐந்து நிமிட வேலை. நிர்வாகக் குழுவுக்கு எழுதிய அறிக்கையில் இதை முதல் பத்தியாகவே வைத்தேன்.

அதே நாள்: அரங்கின் மற்ற அளவுகள்

கீழே வந்து செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் செய்தேன். காற்று 27 டிகிரி, ஈரப்பதம் 74 சதவீதம். இந்தக் காற்றின் பனிநிலை ஏறத்தாழ 22 டிகிரி. அதாவது 22-க்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். கிழக்குக் கண்ணாடி ஏன் அழுதது என்பதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. முந்தைய வாரம் காலைப் பயிற்சியின் முடிவில் பதிவாகியிருந்த கார்பன் டை ஆக்சைடு 1,150 பி.பி.எம். அதுவே நச்சு இல்லை. ஆனால் மூச்சுவிடும் மனிதர்களின் காற்று வெளியேறவில்லை என்றால் குளோரமினும் வெளியேறவில்லை என்று அறிய அது மலிவான சாட்சி.

இன்னொன்று, சிரிப்பு வரவழைத்தது. அரங்கிலிருந்து காற்றைத் திரும்ப இழுக்கும் வலைகளில் இரண்டு, தரையை ஒட்டி, குளத்தின் ஆழமான முனையில் இருந்தன. நீர்ப்பரப்பின்மேல் படியும் வாயுவை இழுக்க அவைதான் சரியான இடம்; கட்டியவர் விவரம் தெரிந்தவர். இரண்டின் முன்னாலும், பிள்ளைகள் பிடித்து நீந்தும் மிதவைப் பலகைகள் மார்பளவு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. "அங்கே வைத்தால் சீக்கிரம் காய்கின்றன" என்றார் பயிற்சியாளர். காயத்தான் செய்யும்.

நீரின் வெப்பத்துக்கும் காற்றுக்கும் உள்ள கணக்கை அன்றுதான் குழுவுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். நீர் ஆவியாகும் வேகம், நீர்ப்பரப்பின் ஆவியழுத்தத்துக்கும் காற்றில் உள்ள ஈரத்தின் அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பொறுத்தது. 28 டிகிரி நீருக்கு 3.78 கிலோபாஸ்கல். 29 டிகிரிக் காற்றில் 60 சதவீத ஈரம் என்றால் 2.41. வித்தியாசம் 1.37. இப்போது நீர் 31: 4.50. காற்று 27, அதே 60 சதவீதத்தில் வைத்திருக்க வேண்டுமானால் 2.14. வித்தியாசம் 2.36. ஈரப்பதத்தை அதே அளவில் காக்க வேண்டுமென்றால், நீர் 70 சதவீதம் கூடுதலாக ஆவியாகும். அவ்வளவு ஈரத்தையும் வெளியே தள்ள வேண்டிய நேரத்தில்தான் வெளிக்காற்றைக் குறைத்தார்கள், டேம்பரும் சேர்ந்து மூடிக்கொண்டது. வெப்பமான நீரில் உடல் கூடுதலாக வியர்க்கும் என்பது தனிக் கணக்கு. அந்த வியர்வையும் யூரியாதான்.

ஒன்பதாவது வாரம்: வெப்பநிலை யாருக்கு?

குழுக் கூட்டம் சூடாக நடந்தது. பயிற்சியாளருக்கு 27 வேண்டும். உலக நீச்சல் அமைப்பின் போட்டி விதி 25 முதல் 28 டிகிரி வரை. "31 டிகிரியில் பிள்ளைகள் வேகமாக நாலு சுற்று நீந்தினாலே முகம் செக்கச்செவேல் என்றாகிவிடுகிறது சார்" என்றார். வியர்வை ஆவியாகிக் குளிரவைக்க நீருக்குள் வழியில்லை என்பதால் அது உண்மை. மறுபக்கம், அதிகம் அசையாமல் நிற்கும் முதியவரும் கைக்குழந்தையும் நீரில் வேகமாக வெப்பத்தை இழப்பார்கள். 32 டிகிரியை ஒட்டிய நீர் அவர்களுக்கு ஆடம்பரம் இல்லை.

காலையில் 28, ஒன்பது மணிக்கு 31 என்று மாற்றிக்கொள்ளலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். 375 கன மீட்டர் நீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 435 கிலோவாட் மணி ஆற்றல் வேண்டும். குளத்தின் ஹீட்டர் 100 கிலோவாட். எந்த இழப்பும் இல்லை என்று வைத்தாலும் டிகிரிக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல். இறக்குவதற்கோ கருவியே இல்லை. தானாக ஆற வேண்டும். யோசனை அதோடு முடிந்தது.

முடிச்சு அவிழ்ந்தது வேறிடத்தில். மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட அம்மா எழுந்தார். "தம்பி, தண்ணீருக்குள் இருக்கும்வரை சுகம்தான். ஏறி வந்து துண்டை எடுப்பதற்குள் பல் தந்தியடிக்கிறது." எப்போதிலிருந்து என்று கேட்டேன். "போன வருடமே உண்டு. இப்போது இன்னும் மோசம்."

பழைய பதிவேட்டைப் புரட்டினோம். மனு வந்த மாதத்தில் காற்று 29-ஆக இல்லை. அரங்கு புழுக்கமாக இருக்கிறது என்று கரையில் உடையோடு நிற்பவர்கள் சொன்னதால் 26 வரை குறைத்திருக்கிறார்கள்; மனுவுக்குப் பிறகு அது மீண்டும் ஏற்றப்பட்டிருக்கிறது. நனைந்த உடம்போடு 28 டிகிரி நீரிலிருந்து 26 டிகிரிக் காற்றில் ஏறினால் தோலிலுள்ள நீர் சட்டென ஆவியாகும், உடல் வெடவெடக்கும். முதியவர்கள் குளிர்கிறது என்றார்கள்; குளத்தில்தான் குளிர்கிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். குளிர்ந்தது கரை. பதில் காற்றில் இருந்திருக்க, நீரைச் சூடாக்கினார்கள். நீரைச் சூடாக்கிய செலவுக்காகக் காற்றை மறுபடி குளிர்வித்தார்கள்.

எடுத்த முடிவுகள்: நீர் 29, காற்று 30, ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. காற்றை நீரைவிடக் கூடுதலாக வைப்பது ஏறி வருபவரின் குளிரையும் தடுக்கும், ஆவியாதலையும் கட்டுப்படுத்தும். பயிற்சியாளர் கடுமையான சுற்றுகளைச் சுருக்கி, இடையில் தண்ணீர் குடிக்கும் இடைவெளி வைக்க ஒப்புக்கொண்டார். கைக்குழந்தை வகுப்பை 29 டிகிரியில் நடத்துவது சரியில்லை என்று நான் சொன்னேன், அது நிறுத்தப்பட்டது. இந்தக் கூட்டத்தில் இழந்தவர்கள் அவர்கள்தான். ஒரே தொட்டியில் எல்லோருக்கும் இடம் உண்டு என்று சொல்லிக்கொள்வது எளிது. வெப்பமானிக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

டேம்பர் போல்ட் மாற்றப்பட்டு, இதழின் தண்டிலேயே நிலை காட்டும் முள் பொருத்தப்பட்டது. பகலில் வெளிக்காற்று 40 சதவீதம். இரவில் குறைந்தது 20. கடைசிப் பயிற்சி முடிந்ததும் ஒரு மணி நேரம் முழு வெளிக்காற்று. இரவில் நீர்ப்பரப்பை மூட ஒரு விரிப்பு. ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் விரிக்க வேண்டும், குளோரமின் வெளியேற வழிவிட்டு. பேக்வாஷ் மறுபடி வாரம் ஒருமுறை. தினமும் 4,500 லிட்டர் கழித்துப் புதுநீர். அதிகுளோரினேற்றம் கைவிடப்பட்டது. ஷவரில் வெந்நீர் திரும்ப வந்தது.

கடைசியாகச் சொன்னதைச் சிலர் ஆடம்பரம் என்றார்கள். நீரில் இறங்கும் முன் ஒரு நிமிடம் குளித்தாலே உடம்பின் அழுக்கில் பெரும்பகுதி போய்விடும். குளிர்ந்த ஷவரில் ஒரு நிமிடம் நிற்க யாருக்கு மனம் வரும்? விரல் நுனியை நனைத்துவிட்டு ஓடினார்கள். அவர்கள் கழுவாமல் விட்டதைத்தான் குளோரின் கழுவிக்கொண்டிருந்தது.

கூரை பற்றி

ஈரமும் குளோரமினும் நிறைந்த காற்று மூக்கோடு நிற்பதில்லை. ஏணி வைத்துத் தொங்குகூரைக்கு மேலே பார்க்கச் சொன்னேன். தாங்குகம்பிகள் எவர்சில்வர் போலப் பளபளத்தாலும் சில இடங்களில் பழுப்புக் கறை இருந்தது. 1985-இல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் ஓர் உள்ளரங்கக் குளத்தின் கான்கிரீட் கூரை இதே வகையான தாங்குகம்பிகள் அறுந்து விழுந்து 12 பேர் இறந்தார்கள். குளோரின் கலந்த சூழலில் துருப்பிடிக்காத எஃகிலும் வெளியே தெரியாமல் விரிசல் ஓடும். எங்கள் கூரை இலகுவான பலகை. ஆபத்து அதே அளவு இல்லை. ஆனாலும் கட்டுமானப் பொறியாளர் வந்து பார்க்கும்வரை ஆழமான முனையில் இரண்டு தடங்களைக் கயிறு கட்டி மூடினோம். அவர் ஒன்பது கம்பிகளை மாற்றச் சொன்னார்.

பின்விளைவு

மூன்று வாரத்தில் கட்டுண்ட குளோரின் 0.5, ஆறு வாரத்தில் 0.3. கட்டுறாதது 1.5-இல் நிலைத்தது. காலைப் பயிற்சி முடிவில் கார்பன் டை ஆக்சைடு 650 சுற்றி நின்றது. ஈரப்பதம் 58. கண்ணாடியின் அடி ஓரத்தில் மட்டும் குளிர்ந்த விடியல்களில் இன்னும் கொஞ்சம் நீர் படிகிறது. துப்புரவுப் பணியாளர் மூன்று துடைப்பான்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பயிற்சி முடிவில் கூட்டமாக இருமுவது நின்றது. இன்ஹேலர் பையன் தொடர்ந்து நீந்துகிறான், இன்ஹேலரும் தொடர்கிறது. அவன் ஆஸ்துமாவைக் குளம் உண்டாக்கியது என்றோ, மாற்றங்கள் குணப்படுத்தின என்றோ சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இன்னொரு குடும்பம் நம்பிக்கை இழந்து பிள்ளையை நிறுத்திவிட்டது. முதியோரில் இருவர் 29 போதாது என்று விலகினார்கள். மற்றவர்கள் கரையில் இப்போது நின்று பேசுகிறார்கள். முன்பு உடை மாற்ற ஓடுவார்கள்.

எரிபொருள் கணக்கு எல்லோரும் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. நீர் இரண்டு டிகிரி குறைந்தது, இரவு விரிப்பு இரண்டும் மிச்சப்படுத்தியதை, புதிய காற்றைச் சூடாக்கும் செலவு பெருமளவு தின்றுவிட்டது. 31 டிகிரி நாட்களைவிடக் குறைவு, பழைய 28 டிகிரி நாட்களைவிடக் கூடுதல். அந்தப் பழைய நாட்களில் வெளிக்காற்று எவ்வளவு வந்தது என்பதும் இப்போது சந்தேகம்தான்.

மீண்டும் என்றால்

நெடி என்று புகார் வந்தால் முதலில் மாடிக்குப் போய்க் காகிதத்தைப் பிடிப்பேன், பிறகுதான் சோதனைக் குழாய். வெளிக்காற்று வருகிறது என்று கையால் உறுதி செய்யாமல் உள்ளரங்கக் குளத்தில் அதிகுளோரினேற்றம் செய்யமாட்டேன். யூரியா மிகுந்த நீரில் அநேகமாகச் செய்யவே மாட்டேன், புதுநீரைத்தான் நம்புவேன். திங்கள் காலை பிள்ளைகளை இறக்கும் முன் நானே அரங்கில் அரை மணி நேரம் நின்றிருக்க வேண்டும்.

பதிவேடு இப்போது ஒன்றுதான். நீரின் வெப்பம், காற்றின் வெப்பம், ஈரப்பதம், இரண்டு குளோரின்கள், டேம்பர் முள், எல்லாம் ஒரே வரியில். எந்த எண்ணை மாற்றினாலும் நீரைப் பார்ப்பவரும் காற்றைப் பார்ப்பவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். முதல் மாதத்தில் இதற்கு முணுமுணுப்பு இருந்தது. மூன்றாவது மாதத்தில் காற்றுக்காரர் ஒருநாள் கட்டுண்ட குளோரின் 0.5 என்று இருப்பதைப் பார்த்து, தானாகவே இரவு வெளிக்காற்றைக் கூட்டிவிட்டுப் பராமரிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார்.

தரையோர வலைகளைச் சுற்றி மஞ்சள் கோடு போடப்பட்டிருக்கிறது. பதினெட்டாவது வாரம் நான் போனபோது கோட்டுக்குள் ஒரு மிதவைப் பலகை சாய்ந்து நின்றது, நன்றாகக் காய்ந்து.